பூட்டு ஊரில் புதுப் புத்தகம்

திண்டுக்கல் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே இரண்டு கேள்வி கேட்பார்கள். ‘பிரியாணி எந்தக் கடையில நல்லா இருக்கும்?’ என்பது ஒன்று. ‘நல்ல பூட்டு எங்க கிடைக்கும்?’ என்பது இன்னொன்று. மூன்றாவதாக, ‘உங்க ஊர் லைப்ரரியில புதுசா என்ன புஸ்தகம் வந்திருக்கு?’ என்று ஒருத்தரும் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நானும் காத்திருந்து பார்த்தேன். கேட்கிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பூட்டு. நாகல் நகரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக அரம் வைத்து ராவி, கையாலேயே செய்கிற பூட்டு. மாங்காய்ப் பூட்டு, மணி அடிக்கிற பூட்டு, எங்கே சாவி போடுவது என்றே தெரியாத தந்திரப் பூட்டு என்று வகை வகையாக உண்டு. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கியதில் அரத்தின் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் பேர் போகவில்லை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள்.

இந்தப் பெருமை வீட்டுக் கதவோடும் கோயில் உண்டியலோடும் நின்றிருந்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. லைப்ரரிக்குள்ளேயும் வந்துவிட்டதே, அதுதான் விஷயம்.

எங்கள் பக்கம் ஒரு கிளை நூலகம். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். அங்கே இருக்கிறவர் நல்ல மனுஷர். பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். உள்ளே நுழைந்தால் திறந்த அலமாரிகள் ஆறு. அவற்றில் இருப்பவை எல்லாம் பழசு. மூலையில் கண்ணாடி போட்ட இரும்பு பீரோ ஒன்று. அதில் இருப்பவை எல்லாம் புதுசு. பீரோவுக்கு ஒரு பூட்டு. கெட்டியான லோக்கல் சரக்கு, சந்தேகமே வேண்டாம். பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி நாங்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

“சார், அந்தப் பச்சை அட்டை புஸ்தகம்...”

“அது புதுசு தம்பி.”

“புதுசுன்னுதான் சார் கேக்கறேன்.”

“இன்னும் நம்பர் போடல.”

அடுத்த மாசம்: “சார், நம்பர்?”

“போட்டாச்சு. சீல் அடிக்கணும்.”

அதற்கும் அடுத்த மாசம்: “சீல்?”

“அடிச்சாச்சு. ஆனா ஆடிட் வருது. ஆடிட் முடியட்டும்.”

“முடிஞ்சதும் தருவீங்களா சார்?”

“அதுக்குள்ள அது பழசாயிரும். வெளி அலமாரிக்கு வந்துரும். தாராளமா எடுத்துக்கங்க.”

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒரு நாள் கூட்டமில்லாத மத்தியானத்தில் அவரே பேனாவை மூடி வைத்துவிட்டு மனம் விட்டுச் சொன்னார்: “தம்பி, ஒரு புஸ்தகம் காணாமப் போனா எங்கிட்டதான் கேப்பாங்க. செக்கிங் வர்ற ஆபீசர் ‘இருக்கா’ன்னு கேப்பாரு. ‘யாராச்சும் படிச்சாங்களா’ன்னு என் சர்வீஸ்ல ஒருத்தர் கேட்டதில்ல. நான் என்ன செய்ய?”

நியாயம்தானே! இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் பூட்டத்தான் செய்வார். படித்தார்களா என்று கேட்டிருந்தால் பூட்டைக் கழற்றியிருப்பார். நாம் எந்தக் கேள்வி கேட்கிறோமோ அதற்குத்தான் ஆபீசில் பதில் தயார் செய்வார்கள். இது ஆபீசில் குப்பை கொட்டுகிற உங்களுக்குத் தெரியாததா என்ன?

* * *

புத்தகத்தைக் கட்டிப்போடுகிற வழக்கம் திண்டுக்கல்லில் ஆரம்பித்தது இல்லை. நானூறு, ஐந்நூறு வருஷம் முன்னால் ஐரோப்பாவில் புத்தகத்துக்குச் சங்கிலியே போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்டு என்ற ஊர் தேவாலயத்தில் அந்தச் சங்கிலி லைப்ரரியை இன்றைக்கும் பார்க்கலாம். சங்கிலியை முன் அட்டை ஓரத்தில் கோத்திருப்பதால் புத்தகத்தின் முதுகு உள்பக்கமும், ஏடுகளின் விளிம்பு வெளிப்பக்கமும் பார்க்க நிற்கும். கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்த மாதிரி. கையெழுத்துப் பிரதி காலத்தில் ஒரு புத்தகத்தின் விலை ஏக்கர் கணக்கில் இருந்தது. சங்கிலி போட்டதில் ஓர் அர்த்தம் உண்டு. இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு ஏழு லீவர் பூட்டு எதற்கு?

இந்தக் கேள்வியை நம்மூர் ஆள் ஒருத்தர் எப்போதோ கேட்டுவிட்டார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மெட்ராஸ் பிரசிடென்ஸி காலேஜில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு லைப்ரரியன் ஆனார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே போர் அடித்துவிட்டது. பேச்சுத்துணைக்கு ஆளில்லை, புத்தகம் கேட்டு வருகிற கூட்டமும் இல்லை. ‘என்னை மறுபடியும் வாத்தியாராகவே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பழைய பிரின்ஸிபாலிடம் போய் நின்றார். ‘லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம்’ என்றார் அவர்.

போனார். அங்கே லைப்ரரி லைப்ரரியாக ஏறி இறங்கினார். தொழிலாளி, குடும்பப் பெண், குழந்தை என்று எல்லோரும் அலமாரியில் நேராகக் கைவைத்துப் புத்தகம் எடுப்பதைப் பார்த்தார். ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மை செட்டைப் பார்த்தார். நாலைந்து விதத் துண்டுகளை நட்டு போல்ட்டால் மாற்றி மாற்றிப் பூட்டி, கார், கிரேன், பாலம் எது வேண்டுமானாலும் செய்கிற விளையாட்டுச் சாமான். ‘விஷயங்களையும் இப்படிச் சின்னத் துண்டுகளாக வைத்துக்கொண்டு சேர்த்தால் எந்தப் புத்தகத்துக்கும் ஓர் எண் செய்துவிடலாமே!’ என்று பொறி தட்டியது. 1933-ல் அது ‘கோலன்’ வகைப்பாடு என்று வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. குழந்தைகளின் பொம்மையிலிருந்து பெரியவர்களின் லைப்ரரிக்கு ஒழுங்கு கிடைத்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1931-ல், நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். என் பாஷையில் சொல்கிறேன்: ஒன்று, புத்தகம் இருப்பது படிப்பதற்கு. இரண்டு, வருகிற ஒவ்வொருத்தருக்கும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு. மூன்று, ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கேயோ ஒரு ஆள் உண்டு. நாலு, வருகிறவன் நேரத்தை வீணடிக்காதே. ஐந்து, லைப்ரரி என்பது வளருகிற உயிர். இதில் எந்த விதியிலாவது ‘பீரோ’ என்ற வார்த்தை வருகிறதா பாருங்கள்.

அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போக ஆரம்பித்தார்கள். ஆள் புத்தகத்தைத் தேடி வரவில்லையென்றால் புத்தகம் ஆளைத் தேடிப் போகும். மாடு இழுத்த காலத்திலேயே போயிருக்கிறது, ஸார்!

* * *

‘கவர்ன்மென்ட் லைப்ரரிதானே, ஓசியில கொடுக்கறாங்க, கொடுத்ததைப் படிச்சுட்டுப் போ’ என்று நினைக்கிற ஜாதி நீங்களாக இருந்தால் ஒரு சின்னக் கணக்கு.

சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான். 1948-ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது. பின்னால் நின்று தள்ளியவர் மேற்படி ரங்கநாதன். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்று வசூலிக்கிறார்கள். இப்போது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியாகப் போட்டிருக்கும். அரை வருஷத்துக்கு 1,200 ரூபாய் வீட்டு வரி என்றால் 120 ரூபாய் லைப்ரரிக்கு. வருஷத்துக்கு 240.

‘எனக்கு ஏது சொந்த வீடு, நான் மேன்ஷன்காரன்’ என்கிறீர்களா? வீட்டுக்காரர் தன் கைக்காசைப் போட்டு வரி கட்டுகிறார் என்று நம்புகிற அளவுக்கு நீங்கள் அப்பாவி இல்லை. உங்கள் வாடகையில் இருக்கிறது அது. ஆக, கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிற பச்சை அட்டைப் புத்தகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. பிரியாணிக்குப் பணம் கட்டி டோக்கன் வாங்கிவிட்டு, அண்டாவை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு எவனாவது வீட்டுக்குப் போவானா?

இதில் இன்னொரு சங்கதி. வசூலிக்கிற மாநகராட்சியோ நகராட்சியோ அந்தப் பணத்தை நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்க வேண்டும். அது சரியாக வந்து சேராமல் நிலுவை நிற்கிறது என்று தமிழ்நாட்டில் பல ஊர்களைப் பற்றி அடிக்கடி பேப்பரில் செய்தி வரும். ரோட்டில் பள்ளம் என்றால் நாலு பேர் மறியல் செய்கிறோம். லைப்ரரி வரி எங்கே என்று கேட்டு நாற்காலியைத் தூக்கிப் போட்டவர் ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.

* * *

சரி, ஜனங்கள் என்னதான் படிக்கிறார்கள்? புத்தகத் திருவிழாவில் எது அதிகம் விற்றது என்று பட்டியல் போடுவார்கள். அதை நம்பாதீர்கள். வாங்கியவர் எல்லாம் படிப்பதில்லை. ஷோகேஸில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைப்பதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையான பட்டியல் லைப்ரரிப் புத்தகத்தின் பின் அட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஒரு மழை நாளில் எங்கள் கிளையில் உட்கார்ந்து சீட்டு சீட்டாகப் பார்த்தேன். ராஜேஷ்குமார் சீட்டில் இடமில்லாமல் மேலே இன்னொரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். மனிதர் 1,500 நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் படித்த ஆள் எங்கள் வாசகர்களில் ஒருத்தராவது இருப்பார் என்றே நினைக்கிறேன். ரமணிசந்திரன் புத்தகங்கள் பெரும்பாலும் அம்மா பேரில் போயிருக்கின்றன, வந்து வாங்கியவன் பையன். சுஜாதா புத்தகம் ஒன்றில் பக்க ஓரத்தில் ஒருத்தர் பென்சிலால் சந்தேகம் கேட்டிருக்கிறார், வேறொருத்தர் பதில் சொல்லியிருக்கிறார், மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டியிருக்கிறார். ஒரு துப்பறியும் நாவலின் மூன்றாம் பக்கத்திலேயே ‘டிரைவர்தான் கொலைகாரன்’ என்று எவனோ எழுதி வைத்திருந்தான். அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்தால் அவன் கதையை நானே கடைசி அத்தியாயம் வரை எழுதிவிடுவேன்.

‘பொன்னியின் செல்வன்’ சீட்டுதான் பிரமாதம். கல்கியில் 1950-லிருந்து 1954 வரை தொடராக வந்த கதை. எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் வாராவாரம் கிழித்து வைத்து, கோந்து தடவி, பைண்டு பண்ணி வீடு வீடாகச் சுற்றியது. 2022-ல் சினிமா வந்த பிறகு மறுபடியும் ஒரு புது அலை. முதல் பாகம் ‘புது வெள்ளம்’ சீட்டில் தேதி வழிகிறது. ‘சுழற்காற்’றில் கொஞ்சம் குறைவு. ‘கொலைவாள்’ பாதி. ‘மணிமகுடம்’ கால்வாசி. ஐந்தாவது பாகமான ‘தியாக சிகரம்’ வரை ஏறி முடித்தவர்கள், மலைக்கோட்டை உச்சிக்கு மூச்சு வாங்காமல் ஏறியவர்கள் அளவுதான்.

இன்றைக்கு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போவது குரூப்-4 கைடுதான். காலையில் கதவு திறக்கும் முன்னே டிபன் பாக்ஸோடு பையன்களும் பெண்களும் வாசலில் நிற்கிறார்கள். ‘இவங்க எல்லாம் இலக்கியம் படிக்கறதில்ல’ என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள் சில பெரியவர்கள். வீட்டில் ஒரே ரூம், ஓடுகிற டி.வி., குறுக்கே அழுகிற அக்கா குழந்தை. அவனுக்கு ஃபேனும் டேபிளும் அமைதியும் ஓசியாகக் கிடைக்கிற ஒரே இடம் இது. அவன் வேலைக்குப் போனபிறகு கதைப்புத்தகம் படிப்பான். படிக்கத்தான் போகிறான், வழி தெரிந்துவிட்டதே!

* * *

‘புதுப் புத்தகம்’ என்று சொல்கிறோமே, புதுசு என்றால் என்ன? போன மாசம் அச்சானதா? நான் படிக்காத எதுவும் எனக்குப் புதுசுதான். உதாரணத்துக்கு வத்தலக்குண்டு. திண்டுக்கல்லிலிருந்து ஏறினால் ஒரு மணி நேர பஸ் பயணம். கொடைக்கானல் போகும் வழியில் டீ குடிக்க இறங்குகிற ஊர் என்றுதான் நமக்கு அதைத் தெரியும்.

பி.ஆர்.ராஜமையர் அந்த ஊர்க்காரர். 1872-ல் பிறந்தார். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான ‘கமலாம்பாள் சரித்திர’த்தை 1893-லிருந்து ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். அப்போது அவருக்கு வயசு 21. 1898-ல், 26 வயசில் போய்விட்டார். உங்களில் பாதிப் பேரின் வயசு இது. அதே ஊரில் 1905-ல் பிறந்தவர் பி.எஸ்.ராமையா. ‘மணிக்கொடி’யை நடத்திய கை அவருடையது. தாய்மாமன் ஊரென்று அங்கே வளர்ந்தவர் சி.சு.செல்லப்பா. 1959-ல் ‘எழுத்து’ என்ற பத்திரிகையை ஆரம்பித்துச் சொந்தக் காசைப் போட்டு 1970 வரை நடத்தினார். புத்தகம் போட்டார். விற்கவில்லை. தோளில் மூட்டை கட்டிக்கொண்டு காலேஜ் காலேஜாகப் போய் விற்றார். அவருடைய ‘வாடிவாசல்’ மாடு பிடிக்கிற கதை, கையடக்கமான புத்தகம். ஒரே மூச்சில், திண்டுக்கல்-மதுரை பஸ்ஸில் போய்த் திரும்புகிற நேரத்துக்குள் படித்துவிடலாம்.

ஓர் ஊர், மூன்று பேர், தமிழ் உரைநடையின் பெரிய பகுதி. பாரிஸ், ரஷ்யா என்று எங்கெங்கோ தேடுகிறோம். பக்கத்துப் பஸ் ஸ்டாப்பை விட்டுவிடுகிறோம். எங்கள் கிளையில் ‘வாடிவாசல்’ சீட்டில் நிறைய தேதி. ‘கமலாம்பாள் சரித்திரம்’ சீட்டில் நாலே நாலு. நாலாவது தேதி என்னுடையது. ஐந்தாவது உங்களுடையதாக இருக்கட்டும்.

* * *

இப்போது குழந்தைகள் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையில் இதற்காகத்தான் இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வந்தேன்.

என் வயசுக்காரர்களுக்கு ‘அம்புலிமாமா’, வாண்டுமாமா, அழ.வள்ளியப்பா, சிவகாசியிலிருந்து வந்த ‘இரும்புக்கை மாயாவி’, வழவழ காகிதத்தில் சல்லிசு விலைக்கு வந்த ரஷ்யக் கதைகள் என்று ஒரு பட்டாளம் இருந்தது. ‘இப்பல்லாம் குழந்தைகளுக்கு யாரு ஸார் எழுதறா?’ என்று பெருமூச்சு விடுகிறோம். எழுதுகிறார்கள். சாகித்ய அகாடமி 2010-லிருந்து சிறுவர் இலக்கியத்துக்கென்றே தனியாக பால சாகித்ய விருது கொடுக்கிறது. தமிழில் 2020-ல் யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, 2021-ல் மு.முருகேஷின் ‘அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை’, 2022-ல் ஜி.மீனாட்சியின் ‘மல்லிகாவின் வீடு’, 2023-ல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2024-ல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’, 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அண்ணன் பிள்ளைக்கு என்ன பரிசு கொடுப்பது என்று அடுத்த தடவை முழிக்க வேண்டாம். இதில் ‘மரப்பாச்சி’, தொடக்கூடாத விதத்தில் தொடுகிறவர்களைப் பற்றிக் குழந்தைக்குப் பயமுறுத்தாமல் சொல்லிக்கொடுக்கிற கதை. நம் வீட்டில் நாம் வாய் திறந்து சொல்லத் தயங்குவதை மரப்பாச்சி சொல்லிவிடும்.

எங்கள் கிளையின் கண்ணாடி பீரோவில் ‘ஆதனின் பொம்மை’ இருந்தது. கீழடியை வைத்து எழுதிய சிறுவர் நாவல். அஞ்சாம் கிளாஸ் படிக்கிற ஒரு பாப்பா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு “ஆ... த... னி... ன்...” என்று எழுத்துக்கூட்டுவாள். கேட்பாள். ‘அடுத்த வாரம்’ என்பார். அடுத்த வாரமும் வருவாள். நாலாவது வாரம் மூக்கு வைத்த இடத்தில் கண்ணாடியில் ஒரு நிரந்தர வட்டமே விழுந்துவிட்டது.

நல்ல மனுஷர் என்றேனே, அன்றைக்கு அவருக்கே மனசு கேட்கவில்லை. “ஆடிட் கிடக்கட்டும், இந்தா தர்றேன்” என்று எழுந்தார். சாவிக்கொத்தில் அந்தப் பூட்டுக்கு மட்டும் சாவி இல்லை! தேடித் தேடிப் பார்த்ததில், தனக்கு முன்னால் இருந்தவர் சாவியோடு டிரான்ஸ்பரில் போய்விட்டார் என்று தெரிந்தது. அத்தனை நாளாக அவரும் எங்களை மாதிரியே கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார்!

தெருமுனையில் பூட்டு ரிப்பேர் பார்க்கிற பெரியவரைக் கூட்டி வந்தோம். அந்தக் காலத்தில் பட்டறையில் அரம் பிடித்த கை. பூட்டைப் புரட்டிப் பார்த்தார், காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

“எத்தனை நாளாத் திறக்கல?”

“அது இருக்குங்கண்ணே, ஒன்றரை வருசம்.”

“அதான். ஏன் சார், பூட்டிப் பூட்டி வெச்சா பூட்டு நல்லா இருக்கும்னு நினைக்கிறீங்களா? திறக்காத பூட்டுதான் மொதல்ல கெட்டுப்போகும். வாரம் ரெண்டு தடவ சாவி உள்ள போய்த் திரும்புனாத்தான் லீவர் உசுரோட இருக்கும்.”

ஒரு சொட்டு எண்ணெய், ஒரு வளைந்த கம்பி, ஒரு ‘டக்’. திறந்தது. உள்ளே பார்த்தால் எங்களுக்கு முன்னாலேயே ஒருத்தர் எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தார். ராமபாணப் பூச்சி! பச்சை அட்டைப் புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து நாற்பதாம் பக்கம் வரை ஒரே நேர்கோட்டில் ஓட்டை. அத்தியாயம் பிரித்துப் படிக்கத் தெரியாத வாசகர் போலிருக்கிறது. ‘ஆதனின் பொம்மை’ நல்லவேளை தப்பித்திருந்தது. பாப்பா வாங்கினாள், நாற்காலியெல்லாம் தேடவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாமெல்லாம் ஒரு புத்தகத்துக்காக ரெண்டு வருஷம் காத்திருக்கலாம். 28-ல் படிக்க வேண்டியதை 30-ல் படித்தால் குடி முழுகிப் போகாது. பத்து வயசுக்கான புத்தகத்தைப் பன்னிரண்டு வயசில் கையில் கொடுத்தால், ‘இது சின்னப் பிள்ளைங்க புக்கு’ என்று தள்ளிவிட்டுப் போய்விடுவாள். அந்தப் புத்தகத்துக்கு அவள்தான் ஆள். ஆள் தவறிப் போய்விட்டால் புத்தகம் பத்திரமாக இருந்து யாருக்கு லாபம்? குழந்தைப் புத்தகத்தைப் பூட்டுவது பாலை உறியில் கட்டித் தொங்கவிட்டுத் திரிந்தபின் இறக்குவது போல.

பள்ளிக்கூடத்துப் பக்கம் இது புரிந்திருக்கிறது. 2023-ல் தமிழ்நாடு அரசு வாசிப்பு இயக்கம் என்று ஆரம்பித்து, ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படிகளாகப் பிரித்து, பதினாறு பக்க அளவில் குட்டிக் குட்டிப் புத்தகங்களைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தார்கள். கசங்கட்டும், கிழியட்டும் என்றுதான். அதே 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். குழந்தைகள் பகுதியைப் பார்த்தால் நமக்கே வயசு குறைந்துவிடாதா என்று இருக்கும். திண்டுக்கல்லிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். கட்டாயம் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துக் கூட்டிப்போக ஆளில்லாத பாப்பாவுக்கு? அவள் தெருவில் இருக்கிற கிளைதான் அவளுக்குக் கன்னிமாரா.

* * *

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். போங்கள், மெம்பர் ஆகுங்கள். கட்டுகிற முன்பணம் இரண்டு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. கண்ணாடிக்குள் இருப்பதைக் கேளுங்கள், மரியாதையாக, ஆனால் வாராவாரம். வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும், பெரும்பாலும் ரிடயர்டு ஆசாமிகளோடு. நீங்கள் போனால் சராசரி வயசு குறையும். செக்கிங் வருகிற அதிகாரியைப் பார்த்தால், ‘எத்தனை புஸ்தகம் வெளியே போச்சுன்னு கேளுங்க ஸார்’ என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். கையில் 1,000 ரூபாய் மிச்சமிருந்தால் புரவலர் ஆகலாம், பலகையில் பேர் எழுதுவார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் லைப்ரரிக்கு வந்து பலகையைப் பார்ப்பார்களா என்பதற்கு மட்டும் நான் ஜவாப்தாரி இல்லை.

ஒரு நோட்டும் கேட்டு வாங்கி வையுங்கள், என்ன புத்தகம் வேண்டும் என்று வருகிறவர்கள் எழுதுவதற்கு. எங்கள் கிளையில் இப்போது அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு, சணல் கட்டித் தொங்குகிறது. போன வாரம் புரட்டினேன்.

‘குரூப்-4 புது சிலபஸ் கைடு. அவசரம்.’

‘ரமணிசந்திரன் எல்லாம் படித்தாகிவிட்டது. வேறு யார் இப்படி எழுதுகிறார்கள்?’

‘செல்லப்பாவின் மற்ற புத்தகங்கள்.’

‘மூன்றாம் பக்கத்தில் கொலைகாரன் பேர் எழுதாத நாவல்.’

அதற்குக் கீழே, கோணல்மாணலாகப் பென்சிலில்: ‘பேய் கதை வேணும். நல்ல பேய்.’

அதற்கும் கீழே, எழுதிப் பழக்கமில்லாத ஒரு கெட்டியான கையெழுத்து: ‘பீரோவுக்கு சாவி ரெண்டு செஞ்சு தாரேன். காசு வேண்டாம். ஒண்ணு ஆணியில மாட்டி வைக்கவும்.’